திருகோணமலையில் சஞ்சிகைத் தொகுதிகளுக்கு இரும்பு இறாக்கை: ஒரு ஒட்டுவேலைக் கடையைப் பற்றி

சஞ்சிகைகளை வருட வாரியாகக் கட்டி வைத்திருக்கிற ஆட்கள் திருகோணமலையில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது, இருந்தால் இது உங்களுக்குத்தான். எங்கள் வாசிகசாலைக்கு இரும்பு இறாக்கை அடித்துத் தந்த ஒட்டுவேலைக் (வெல்டிங்) கடையைப் பற்றி எழுதப்போகிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். கடையின் பெயரைப் போடவேண்டாம் என்று முதலாளியே கேட்டுக்கொண்டார், கையில் இருக்கிற ஓடரை முடிக்கவே ஆள் பற்றாக்குறையாம், அதனால் அநுராதபுரச் சந்திப் பக்கம் என்பதோடு விட்டுவிடுகிறேன். கடையின் பெயரை விட, அங்கே போய் என்ன சொல்லி அடிப்பிக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்குப் பிரயோசனம். கேற், ஜன்னல் கிராதி, பலசரக்குக் கடை இறாக்கை அடிக்கிற எந்தக் கடையும் இதைச் செய்யும். சொல்லிக் கொடுக்காவிட்டால் எந்தக் கடையும் பிழையாகத்தான் செய்யும்.

புத்தகத்துக்கு இறாக்கை அடிப்பது லேசு. நாவல், கவிதை, பாடப்புத்தகம் எல்லாம் உயரத்தில் பெரிதாக வித்தியாசப்படாது, பத்துப் பதினொரு அங்குல இடைவெளியில் தட்டுகளைப் போட்டால் முக்கால்வாசி அடங்கிவிடும். கட்டிய சஞ்சிகை அப்படி இல்லை. எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளில் இருந்து வந்தவை. பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு விற்கப்படுகிறது, "இதை எடுத்துக்கொண்டு போங்கோ, இல்லாட்டிக் கச்சான் சுத்தத்தான் போகும்" என்ற கட்டத்தில் வந்து சேர்ந்தவை. அதில் 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை இருக்கிறது, கல்கியும் கலைமகளும் இருக்கின்றன, ரீடர்ஸ் டைஜெஸ்ட் போலக் கையடக்கமானது இருக்கிறது, மஞ்சள் ஓரம் போட்ட நெஷனல் ஜியோகிரஃபிக் இருக்கிறது, ஏ4 அளவில் செய்தி வாரஇதழ்கள், அரச வர்த்தமானி, எல்லாத்துக்கும் மேலே விரித்தால் மேசையையே மூடுகிற வீரகேசரி, தினகரன் கட்டுகள். கட்டியவர் ஒரே ஆள் இல்லை என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு வீட்டில் இருந்து வந்தது மூன்று பக்கமும் ஓரம் வெட்டிக் கட்டப்பட்டுக் குட்டையாக நிற்கும், அதே சஞ்சிகை அடுத்த வீட்டில் இருந்து வெட்டாமல், கனமான அட்டையோடு, முக்கால் அங்குலம் நெட்டையாக வரும்.

இதையெல்லாம் இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் ஸ்கேன் பண்ணிப் போடுகிற நூலகம் இணையத்தளத்தில் வாசிக்கலாமே, ஏன் தாளைக் கட்டி அழுகிறீர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். 2005இல் இருந்து அவர்கள் செய்துவருகிற வேலைக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது, ஆனால் ஸ்கேன் பண்ணுவதற்கும் எங்கேயாவது ஒரு முழுத் தொகுதி பூஞ்சணம் பிடிக்காமல் நிற்கத்தானே வேண்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சரி, இறாக்கைக்கு வருவோம்.

முதலில் பார்த்தது தளபாடக் கடைகளில் நிற்கிற மெலமைன் இறாக்கைகளை. பார்வைக்கு வெள்ளையாக, வழுவழுவென்று, விலையும் கட்டுப்படியாகிற மாதிரித்தான் இருக்கும். நாலு அடி நீளத் தட்டு, முக்கால் அங்குலம்கூட இல்லாத சிப்போட், அதாவது மரச்சீவலை ஒட்டி அழுத்திய பலகை. பூச்சாடி வைக்கலாம், பிள்ளையின் பரிசுக் கேடயங்கள் வைக்கலாம். கட்டிய சஞ்சிகை வைத்தால் வருடம் திரும்புவதற்குள் தட்டு தொங்கும். ஏனென்றால் தட்டின் நீளம் கூடும்போது வளைவு அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒரே தடிப்புப் பலகையில் அடிக்கு இவ்வளவு என்று ஒரே பாரத்தைப் பரப்பி வைத்தால், வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மூன்று அடித் தட்டை நாலு அடி ஆக்கினால் வளைவு மூன்று மடங்குக்கும் மேலே போய்விடும். தடிப்பு இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்யும், முக்கால் அங்குலப் பலகையை ஒரு அங்குலம் ஆக்கினால் வளைவு பாதிக்கும் கீழே இறங்கும். நூலகங்களில் எங்கே போனாலும் தட்டு மூன்று அடி, அதாவது 90 சென்ரிமீற்றர் அளவில் நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சிப்போட்டில் இன்னும் ஒரு குறை, பாரம் ஏற்றி விட்டுவிட்டால் அது அன்றைக்கு வளைந்த அளவோடு நிற்காது, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கடற்காற்றின் ஈரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஓரத்து ஒட்டு விட்ட இடத்தில் பலகை ஊதிப்போகும்.

மரக்காலைக்கும் போனேன். தேக்கு, முதிரை என்றால் கேட்கிற விலைக்கு இறாக்கையைப் பூட்டி வைக்க இன்னொரு அறை கட்டவேண்டும். மலிவான மரத்தில் கறையான் பயம். அத்தோடு, பூச்சு இல்லாத பச்சை மரத்தில் இருந்து வருகிற அமில ஆவி பழைய தாளுக்குக் கூடாது என்பதும் இருக்கிறது. நூலகத்துக்கென்றே செய்கிற இறாக்கை, நடுவில் தூண் நின்று இரண்டு பக்கமும் தட்டுகளைக் கொளுவி விடுகிற வகை, கொழும்பில் எடுக்கலாம், மறுப்பில்லை, அதுதான் உண்மையில் சிறந்தது. ஆனால் 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த விலைப்பட்டியலைப் பார்க்க எங்கள் சங்கத்தின் பொருளாளருக்கு மனத்தைரியம் இல்லை. லொறிக்கூலி வேறு. அப்படித்தான் ஒட்டுவேலைக் கடைக்கு வந்தோம்.

கடைக்குப் போவதற்கு முதல் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதைச் செய்யாமல் போகவே வேண்டாம். எல்லாத் தொகுதியையும் நிலத்தில் இறக்கி உயரம் வாரியாகப் பிரியுங்கள். தலைப்பு வாரியாக இல்லை, உயரம் வாரியாக. பிரித்த பிறகு ஒவ்வொரு கூட்டமும் எத்தனை அடி ஓடுகிறது என்று அளவு நாடாவைப் பிடித்து எழுதுங்கள். தொகுதிகளை எண்ணுவதால் பிரயோசனம் இல்லை, ஒன்று ஒரு அங்குலத் தடிப்பு, பக்கத்தில் நிற்பது மூன்று அங்குலம். எங்களுக்கு மூன்று கூட்டமாக விழுந்தது: 8 அங்குலம் வரை ஒன்று, 10½ வரை ஒன்று, 12 வரை ஒன்று. அதைத் தாண்டி நிமிர்ந்து நிற்கிறது அங்கொன்றும் இங்கொன்றும்தான். செய்தித்தாள் கட்டு இந்தக் கணக்கிலேயே வராது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது கணக்கு. இறாக்கை 7 அடி, அதாவது 84 அங்குலம். நிலத்தில் இருந்து 4 அங்குலம் விட்டால் மிச்சம் 80. ஒவ்வொரு தட்டுக்கும் தொகுதியின் உயரத்தோடு, மேலே கை போக ஒரு அங்குலமும் தட்டின் ஓரத்தில் தகட்டை மடிக்கிற மடிப்புக்கு ஒன்றேகால் அங்குலமும் கூட்டவேண்டும். 12 அங்குலக் கூட்டத்துக்கு ஒரு தட்டு 14¼ வரும், ஐந்து தட்டுக்கு மேல் போகாது. 10½ கூட்டத்துக்கு 12¾, ஆறு தட்டு. 8 அங்குலக் கூட்டத்துக்கு 10¼, ஏழு தட்டு. மிக உயரமானதைப் பார்த்து எல்லாத்துக்கும் 14¼ என்று அடித்துவிட்டால் (கடைக்காரரின் முதல் யோசனை அதுதான், அவருக்கு வெட்டுகிற வேலை மிச்சம்) சின்னத் தொகுதி நிற்கிற ஒவ்வொரு இறாக்கையிலும் இரண்டு தட்டு வெறும் காற்றுக்குப் போகும். ஐந்து இறாக்கையில் பத்துத் தட்டு, 30 அடி இடம். எங்கள் மண்டபத்தில் 30 அடியை விட்டுக்கொடுக்க இடமில்லை.

தட்டை ஏற்றி இறக்கக்கூடியதாக அடித்தால் இந்தக் கணக்கே வேண்டாமே என்று நினைக்கலாம். பாதிதான் சரி. ஏற்றி இறக்குவது தூணில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சில கடைகளில் தூணுக்கு அங்கிள் இரும்பை (L வடிவ இரும்பு) எடுத்துத் தாங்களே மூன்று அங்குலத்துக்கு ஒன்று என்று துளை போட்டுத் தருவார்கள், அதுவும் "ஏற்றி இறக்கலாம்" கணக்கில்தான் வரும். ஆனால் உங்களுக்குத் தேவையான உயரம் இரண்டு துளைக்கு நடுவே விழுந்தால் மேல் துளைக்குத்தான் போகவேண்டும், சராசரியாகத் தட்டுக்கு ஒன்றரை அங்குலம் வீண், ஆறு தட்டில் ஒன்பது அங்குலம், கிட்டத்தட்ட ஒரு சின்னத் தட்டே போய்விட்டது. ஒரு அங்குலத்துக்கு ஒரு துளை வேண்டும் என்று நான் நின்றபோது, அதைத் துளைத்துக்கொண்டிருக்க முடியாது என்று சொல்லி, ஆலையிலேயே துளைபோட்டு வருகிற அங்கிளை அவர் எடுப்பித்தார். இந்தக் கடையில் எனக்குப் பிடித்த முதலாவது விடயம் இதுதான். முடியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, வழி தேடினார்.

ஆழத்தில்தான் எங்களுக்குள் பெரிய இழுபறி. முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும், நான் படிப்பித்த பிள்ளை இல்லை, ஆனாலும் சேர் என்றுதான் கூப்பிடுவார்.

"சேர், பதினெட்டு இஞ்சி ஆழம் போடுவம். பின்னுக்கும் ஒரு வரிசை அடுக்கலாம்."

"பின்னுக்கு இருக்கிறதை ஆர் தம்பி எடுக்கிறது?"

"முன்னுக்கு இருக்கிறதை எடுத்துப்போட்டு எடுக்கிறதுதான். கடையளிலை எல்லாம் அப்பிடித்தானே."

மா மூட்டைக்கும் பிஸ்கட் பெட்டிக்கும் அது சரி. சஞ்சிகைக்குப் பின்வரிசை என்றால் அது மறந்துபோன வரிசை, எலியும் இராமபாணப் பூச்சியும் மட்டும் வாசிக்கிற பகுதி. ஒரே வரிசைதான் என்றாலும் ஆழம் கூடினால் தொகுதிகள் பின்னால் பின்னால் போய் வரிசை கோணும், முன்னால் வெறுந்தட்டில் தூசி படியும். கடைசியில் உயரக் கூட்டத்துக்கு 12 அங்குல ஆழம், மற்ற இரண்டுக்கும் 9 அங்குலம் என்று முடிந்தது. பின்பக்கம் ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஒடுங்கிய பட்டியை எழுப்பி ஒட்டச் சொன்னேன், தொகுதி அதில் முட்டி நிற்கும், சுவர்ப்பக்கம் விழாது. அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

பாரத்தைப் பற்றி அவர் என்னை நம்பவே இல்லை. "பேப்பர்தானே சேர்" என்றார். பேப்பர்தான். ஆனால் நெஷனல் ஜியோகிரஃபிக் போன்றவற்றின் பளபளப்புத் தாளில் வெண்களி பூசியிருக்கிறது, அதனால் அளவில் சின்னதாக இருந்தாலும் கனம் கூட. அரை வருட இதழ்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு தொகுதி இரண்டு அங்குலத் தடிப்பில் இரண்டரைக் கிலோவைத் தாண்டும். மூன்று அடித் தட்டில் அப்படிப் பதினெட்டு நிற்கும். தட்டுக்குத் தட்டு ஒரு சீமெந்துப் பையைத் தூக்கி வைத்த மாதிரி என்று சொன்ன பிறகுதான் ஆள் 22 கேஜ் தகட்டைக் கீழே வைத்தார். (கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெல்லிசு என்பதை ஓடர் கொடுக்கிற ஆட்கள் கவனியுங்கள், "22 பெரிசுதானே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள்.) 18 கேஜில் முன்னும் பின்னும் ஒரு அங்குலத்துக்கு மேல் மடித்து, மடிப்பின் நுனியை உள்பக்கம் இன்னொரு தரம் மடித்து, நடுவில் அடிப்பக்கம் ஒரு சட்டம் கொடுத்தார். மடிப்புத்தான் தட்டின் முதுகெலும்பு, தகட்டின் தடிப்பை விட அந்த மடிப்பின் உயரம்தான் வளையாமல் பிடிக்கும். எல்லாம் ஏற்றி மழைக்காலம் ஒன்று கடந்த பிறகு தட்டின் இரண்டு நுனிக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன். கண்ணுக்குப் படுகிற இறக்கம் இல்லை.

பாரம் என்றதும் நிலத்தையும் சொல்லவேண்டும். எங்களுக்கு முதலில் ஒரு வீட்டின் மேல்மாடியை இலவசமாகத் தருவதாக ஒருவர் சொன்னார், நல்ல மனம். ஆனால் சாதாரண வீட்டுத் தளத்துக்குக் கட்டடக்காரர் வைக்கிற பாரம் சதுர அடிக்கு 40 இறாத்தல் அளவு, நூலக இறாக்கை நிற்கிற தளத்துக்கு வைக்கவேண்டியது 150. கீழ்மாடி கிடைக்கும் மட்டும் காத்திருந்தோம். மேல்மாடிதான் உங்களுக்கு வாய்த்திருக்கிறது என்றால் இறாக்கை அடிக்கிற கடைக்குப் போக முதல் ஒரு கட்டடப் பொறியியலாளரிடம் போங்கள்.

இனி அந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்பது. இரண்டு குறை.

ஒன்று, நட்டுகள். இந்த வகை இறாக்கையில் தட்டைத் தூணோடு பூட்டுவது புரியாணியும் நட்டும். பையன்கள் நட்டை உள்பக்கம் வருகிற மாதிரிப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆணியின் வால் அரை அங்குலம் உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும், ஒவ்வொரு தட்டிலும் முதல் தொகுதியும் கடைசித் தொகுதியும் அதில் உரசும். இருநூறு வருடத்துக்கு முந்திய தோல் கட்டு எங்களிடம் இல்லை, ஆனாலும் 1950களின் துணிக்கட்டுக்கு அந்த உரசலே போதும். உருண்டைத் தலை உள்ளே, நட்டு வெளியே என்று திருப்பிப் பூட்டச் சொன்னபோது முகத்தைச் சுளித்தார்கள், பிறகு செய்து தந்தார்கள். இரண்டு பக்கமும் தூணுக்கு உள்ளே மெல்லிய தகடு ஒன்றை முழு உயரத்துக்கும் அடித்தால் இன்னும் நல்லது, துளை அங்கிளின் விளிம்பு கூர், தொகுதி சரிந்தால் அட்டையை வெட்டும். அதற்குக் காசு வேறு. நாங்கள் இப்போதைக்கு உயரக் கூட்டத்துக்கு மட்டும் போட்டிருக்கிறோம்.

இரண்டாவது, பெயின்ட். இதுதான் கோபம் வந்த இடம். ஆவணியில் தருவதாகச் சொன்னவர்கள் ஐப்பசி மழை தொடங்கிய பிறகுதான் பெயின்ட் அடித்தார்கள். பவுடர் கோட்டிங் (பெயின்ட்டைத் தூளாகப் பூசிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது) செய்கிற சூளை அந்தக் கடையில் இல்லை, எனமலைத்தான் விசிறி அடிப்பார்கள். எனமல் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே காய வாரக்கணக்கு எடுக்கும், ஈரக்காற்றில் அதற்கும் மேலே. கொண்டுவந்து இறக்கும்போது "காஞ்சிட்டுது, இண்டைக்கே அடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், எங்கள் பையன்களும் உற்சாகத்தில் ஒரு இறாக்கையை நிரப்பிவிட்டார்கள். தைமாதம் எடுத்துப் பார்த்தால் றெக்சின் போட்டுக் கட்டிய தொகுதிகள் தட்டோடு ஒட்டிக்கிடக்கின்றன. இழுத்தால் ஒன்றில் பெயின்ட் வருகிறது, இல்லாவிட்டால் றெக்சின் வருகிறது. சாம்பல் நிறத் தழும்போடு இப்போதும் ஒரு வரிசை நிற்கிறது. முதலாளிக்குச் சொன்னதும் வந்து பார்த்தார், வாதாடவில்லை, அந்த இறாக்கையின் தட்டுகளைக் கழற்றிக்கொண்டு போய்ச் சுரண்டி மறுபடி அடித்து, பங்குனி வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார். அதற்காகத்தான் ஒரு நட்சத்திரம் குறைத்ததோடு நிறுத்தினேன், இல்லாவிட்டால் இரண்டு போயிருக்கும். இப்போது ஒவ்வொரு தட்டிலும் தடித்த வெள்ளை அட்டை வெட்டிப் போட்டிருக்கிறோம், பெயின்ட் வாசம் முழுதாக அடங்கும் மட்டும் எதையும் வைக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம், மூக்குக்கு வாசம் வந்தால் தாளுக்கும் வருகிறது என்றுதான் அர்த்தம்.

கறள் பற்றியும் கேட்பீர்கள். கடலில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாத ஊர் இது. தகட்டின் நடுவில் கறள் வராது. ஒட்டு விழுந்த மூட்டிலும், வெட்டிய ஓரத்திலும், காலடியிலும்தான் தொடங்கும். ஒட்டிய பிறகு கசடைத் தட்டிக் கிரைண்டர் பிடித்துத் துப்புரவாக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் அது உள்ளே இருந்து கிளம்பும். இந்தக் கடையில் சிவப்பு ஒக்சைட் பூச்சு முதலில் ஒரு கை அடித்துவிட்டுத்தான் மேல் பூச்சுக்குப் போனார்கள், நான் நேரில் நின்று பார்த்தேன். ஆனாலும் கால்கள் இரண்டில் சின்னப் புள்ளி தெரிகிறது, நிலம் கழுவுகிற தண்ணீர் தேங்கிய இடம். காலுக்குக் கீழே பிளாஸ்டிக் தொப்பி போட்டுவிடச் சொல்லுங்கள், மலிவு.

கடைசித் தட்டை நிலத்தில் இருந்து 4 அங்குலமாவது தூக்கச் சொன்னதற்குக் காரணம் நிலம் துடைக்கிற துணி மட்டும் இல்லை. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த இரவு எங்கள் பழைய இடத்தில் கதவுக்குக் கீழால் தண்ணீர் வந்தது, அப்போது தரையில் பெட்டியில் கிடந்தவற்றில் கீழ் வரிசை போய்விட்டது. 6 அங்குலம் என்றால் இன்னும் நிம்மதி, ஆனால் நாங்கள் 4இல் நின்றோம். சுவரில் இருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்தி, மேலே சுவரோடு பட்டி போட்டுப் பிடித்திருக்கிறோம். காற்று பின்னால் போகவேண்டும், மாரியில் வெளிச்சுவர் வியர்க்கும், ஒட்டி நின்றால் பூஞ்சணம் நிச்சயம். சங்கத்தில் ஒரு கட்சி கண்ணாடி அலுமாரிதான் வேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது, பார்வைக்கு அழகாம். தூசி குறையும், உண்மை, ஆனால் ஏசி இல்லாத மண்டபத்தில் மூடிய அலுமாரிக்குள் ஈரம் அடைபட்டு நிற்கும், மார்கழி தையில் திறந்தால் வாசமே சொல்லும். திறந்த இறாக்கையும் ஒரு மின்விசிறியும் போதும்.

செய்தித்தாள் கட்டுக்கு வருகிறேன். அதை நிமிர்த்தி வைக்கவே கூடாது. தாளின் பாரம் முழுவதும் தையலில் தொங்கி, முதுகு கிழிந்து, கொஞ்ச நாளில் அட்டை தனி தாள் தனி. இடம் இல்லையென்று சில இடங்களில் முதுகு மேலே பார்க்க, திறக்கிற பக்கம் கீழே இருக்க நிறுத்துகிறார்கள், அது அதைவிட மோசம். படுக்கத்தான் வைக்கவேண்டும், ஒன்றுக்கு மேல் இரண்டு, மிஞ்சினால் மூன்று. இதற்கு 18 அங்குல ஆழம் சரியாக வந்தது, முதலாளிக்கு அப்போதுதான் முகம் மலர்ந்தது. 6 அங்குல இடைவெளியில் தட்டுகள், எல்லாம் முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவே. தலைக்கு மேலே இருந்து ஒரு கட்டை இழுத்து எடுக்கிற விளையாட்டு வேண்டாம். இந்தத் தட்டுகளின் முன் மடிப்பைக் கீழ்நோக்கித் திருப்பி, முன் ஓரத்தை வழுவழுப்பாக்கித் தந்தார்கள், கட்டு உரசாமல் வழுக்கி வரும். நான் சொல்லாமலே செய்தது. மேலே வெறுமையாக இருக்கிற பகுதியில் ஒரு சாய்வுப் பலகை வைத்து அதிலேயே விரித்து வாசிக்க விட்டிருக்கிறோம், நல்ல உயரம்.

உயரம் வாரியாகப் பிரித்தால் ஒரே தலைப்பு இரண்டு இடத்தில் விழுமே என்று கேட்கிற ஆட்களுக்கு: விழும். சஞ்சிகைகள் காலத்துக்குக் காலம் அளவு மாறும், கட்டியவர் வெட்டிய விதத்திலும் மாறும். நெட்டையானது நாலைந்து தொகுதிதான் என்றால் முழுத் தலைப்பையும் மேல் அளவுக்கு ஏற்றிவிடுகிறோம், கொஞ்சக் காற்று வீணானாலும் பரவாயில்லை. பாதிக்குப் பாதி என்றால் பிரித்துவிட்டு, விட்ட இடத்தில் தொகுதி மாதிரியே ஒரு மரக்கட்டையை வைத்து மிச்சம் எந்த இறாக்கை என்று அதில் எழுதி ஒட்டுகிறோம். அந்தக் கட்டைகளையும் அதே கடைக்குப் பக்கத்துத் தச்சுப் பட்டறையில் வெட்டித் தந்தார்கள்.

வளர இடம் விடுவதிலும் எல்லாத் தலைப்புக்கும் ஒரே கணக்கு இல்லை. மல்லிகை 2012உடன் நின்றுவிட்டது, அதற்கு இனி இடம் விட்டு என்ன செய்வது, கை போகிற அளவு தளர்வு இருந்தால் சரி. வந்துகொண்டிருக்கிறவற்றுக்குத் தட்டில் மூன்றில் ஒன்றை வெறுமையாக விட்டிருக்கிறோம், பார்க்கிற ஆட்கள் "ஏன் இவ்வளவு இடம் சும்மா கிடக்குது" என்று கேட்பார்கள், கேட்கட்டும். இறுக்கி அடுக்கிவிட்டால் பிள்ளைகள் முதுகின் மேல் நுனியில் விரலைக் கொழுவித்தான் இழுப்பார்கள், அங்கேதான் முதலில் கிழியும். பக்கத்துத் தொகுதிகள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்க இடம் வேண்டும்.

காசு விடயத்தில் குறை சொல்ல மாட்டேன். கொழும்பு விலையில் பாதிக்குக் கொஞ்சம் கூட வந்தது, ஏற்றியிறக்குகிற பட்டா (சின்ன லொறி) கூலியும் பூட்டுகிற கூலியும் அதற்குள். பாதி முற்பணம், மிச்சம் பூட்டிய பிறகு. மிச்சத்தில் ஒரு பகுதியைப் பெயின்ட் காயும் மட்டும் கையில் வைத்திருப்போம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், அவர் மறுக்கமாட்டார். பில் கேட்டால் தருவார், கேட்காவிட்டால் தரமாட்டார். தொலைபேசியில் பிடிப்பது கஷ்டம், நேரில் போவதுதான் ஒரே வழி, மத்தியானத்துக்கு முதல் போனால் ஆள் இருப்பார்.

போகும்போது உங்களிடம் இருக்கிற மிக உயரமான தொகுதியையும் மிகக் கனமானதையும் கையோடு கொண்டு போங்கள், ஏட்டில் எழுதிய அளவை விட அது வேகமாகப் புரியவைக்கும். எடுப்பதென்றால் சித்திரை, வைகாசியிலேயே ஓடர் கொடுத்து, கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் பெயின்ட் அடித்து முடிக்கிற மாதிரித் திகதி எழுதி வாங்குங்கள். ஐப்பசி என்று சொன்னால் அடுத்த வருடம் வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.